கேள்வி மேடை: மணலைப் பற்றி வந்த கடிதங்கள்

மணல் என்பது என்ன என்று ஒரு பள்ளி மாணவர் கேட்டிருந்தார். மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆற்றோடு உருண்டு வந்து, மெலிந்த கனிமங்கள் கரைந்தும் பொடிந்தும் போனபின் எஞ்சும் கடினமான துகள்களே மணல் என்றும், அவற்றில் பெரும்பகுதி குவார்ட்சு எனப்படும் சிலிக்கா என்றும் சென்ற இதழில் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தோம். அந்தச் சுருக்கம் பலருக்குப் போதவில்லை என்பது வந்த கடிதங்களிலிருந்து தெரிகிறது. கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த இதழின் பகுதி முழுவதையும் மணலுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் பள்ளியில் படித்த காலத்தில் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கினால் மணல் இருந்தது. பிறகு பல ஆண்டுகள் கருங்கற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே மீண்டும் மணல் சேர்ந்திருக்கிறது. போன மணல் எங்கே போயிற்று, வந்த மணல் எங்கிருந்து வந்தது? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர், குருசுக்குப்பம்)

பதில்: நம் கரையில் மணல் என்றுமே ஓரிடத்தில் தங்கியிருந்ததில்லை. நீங்கள் சிறுவயதில் பார்த்த மணலும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வந்துகொண்டிருந்த மணல்தான். போன அளவுக்கு வந்துகொண்டும் இருந்ததால், கரை அப்படியே இருப்பதாகத் தோன்றியது.

இதைக் கடற்கரையில் நின்று நீங்களே பார்த்துவிடலாம். கடலை நோக்கி நின்றால் இடப்பக்கம் வடக்கு, வலப்பக்கம் தெற்கு. பங்குனி தொடங்கி ஐப்பசி வரும்வரை பெரும்பாலான அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருவதால், நுரை முதலில் வலப்பக்கத்துக் கரையைத் தொட்டுவிட்டு இடப்பக்கமாக ஓடும். ஏறும்போது இப்படிச் சாய்வாக ஏறுகிற நீர், இறங்கும்போது மட்டும் சரிவின் போக்கில் நேராகக் கடலுக்குத் திரும்புகிறது. அதனுடன் ஏறி இறங்கும் ஒவ்வொரு மணல் துகளும் ஓர் அலைக்குச் சிறிது தூரம் வடக்கே நகர்ந்திருக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் வடகிழக்கிலிருந்து வர, மணல் தெற்கே திரும்பும். ஆனால் அந்தக் காலம் குறுகியது. ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் மணலின் பயணம் வடக்கு நோக்கியதாகவே இருக்கிறது.

1980-களின் இறுதியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லால் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டுத் தெற்குப் பக்கத்தில் குவிந்தது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகன்றது இதனால்தான். சுவருக்கு வடக்கே அலைகள் வழக்கம்போல் மணலை எடுத்துச் சென்றுகொண்டே இருந்தன. ஈடுசெய்ய மணல் வரவில்லை. முதலில் நகரக் கடற்கரை போயிற்று. அங்கே கருங்கல் கொட்டியதும் அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நகர்ந்து, மாநில எல்லையைத் தாண்டித் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை சென்றது. கல் கொட்டினால் கல்லுக்குப் பின்னால் இருக்கும் சாலை காப்பாற்றப்படும். அலை கல்லில் மோதித் திரும்பும் வேகத்தில் கல்லுக்கு முன்னால் மிச்சமிருக்கும் மணலும் அடிபட்டுப் போகும். ஓர் ஊர் தனக்குக் கல் கேட்டு வாங்கும்போது அரிப்பை வடக்கே உள்ள அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கிறது என்பதை மீனவர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

இது முன்கூட்டியே தெரியாத விளைவன்று. சென்னையில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கட்டியபோது தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டதும் எல்லாரும் பார்த்ததுதான். புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலும் தெற்கே சேரும் மணலை இறைத்து வடக்கே கொட்டவேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை என்பதுதான் குறை.

திரும்பி வந்த மணலுக்கு வருவோம். 2018-இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பின்படி, ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்று தலைமைச் செயலகத்தை ஒட்டிய கடலில் நீருக்குள் இறக்கப்பட்டது. அது அலையை முழுதாகத் தடுப்பதில்லை. அலையைக் கரைக்கு வருமுன்பே உடைத்து, அதன் விசையைக் குறைக்கிறது. விசை குறைந்த நீரால் மணலைச் சுமக்க முடியாது. அமைப்புக்குப் பின்னால் மணல் படிகிறது. துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலும் அங்கே கொட்டப்பட்டது. நல்ல பலன்தான். இருந்தாலும், வடக்கே போகவேண்டிய மணலில் ஒரு பங்கு இங்கே நிற்கிறது என்பதையும், சாத்தனூர் போன்ற அணைகளாலும் ஆற்று மணல் அள்ளுவதாலும் தென்பெண்ணை கடலுக்குக் கொண்டுவரும் புதுமணல் குறைந்துவிட்டது என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்கவேண்டும்.

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரையில் சில நாட்களில் மணல்மீது கரும்பட்டைகள் தெரிகின்றன. கப்பல் எண்ணெயா? (கல்லூரி மாணவி, மஞ்சக்குப்பம்)

பதில்: விரலில் எடுத்துத் தேயுங்கள். பிசுபிசுப்பு இல்லாமல் உலர்ந்து உதிர்ந்தால் அது எண்ணெய் அன்று, கருமணல். இல்மனைட்டு, மேக்னட்டைட்டு ஆகிய இரும்புக் கனிமங்களின் துகள்கள் அவை. இடையே செந்நிறமாகத் தெரிவது கார்னெட்டு. குவார்ட்சு தண்ணீரைவிட ஏறத்தாழ 2.65 மடங்கு கனமானது. இவையோ 4 முதல் 5 மடங்கு வரை கனமானவை. பலத்த அலை இரண்டையும் சேர்த்து மேலே கொண்டுவருகிறது. வலுக்குறைந்து திரும்பும் நீர் இலேசான வெண்மணலை மட்டும் இழுத்துச் செல்கிறது. கனமானது கரையில் தங்கிவிடுகிறது. அதனால்தான் கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள் பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு தாளில் சுற்றி அந்த மணலுக்கு அருகே கொண்டுபோனால், மேக்னட்டைட்டுத் துகள்கள் முள்முள்ளாக எழுந்து ஒட்டிக்கொள்ளும். தாளில் சுற்றாமல் கொண்டுபோனால் காந்தத்தைச் சுத்தம் செய்வதில் அன்றைய மாலை போய்விடும்.

கேள்வி: ஈர மணலில் நடக்கும்போது காலடியைச் சுற்றி மணல் திடீரென்று வெளுத்து உலர்ந்துபோகிறது. மிதித்தால் தண்ணீர் பிதுங்கி மேலே வரவேண்டும் அல்லவா? எதிர்மாறாக நடப்பது ஏன்? (தையற்கலைஞர், கடலூர் முதுநகர்)

பதில்: இம்முறை வந்த கேள்விகளில் எமக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆயிரம் பேர் மிதித்துவிட்டுப் போகும் இடத்தில் ஒருவர் குனிந்து பார்த்திருக்கிறார்.

அலை ஏறி இறங்கும் இடத்தில் உள்ள மணல், ஒவ்வோர் அலையிலும் அசைந்து அசைந்து, படியில் தட்டிக் குலுக்கி அளந்த அரிசிபோல், இதற்குமேல் நெருங்க முடியாத அளவுக்கு அடங்கியிருக்கிறது. துகள்களுக்கிடையே உள்ள இடைவெளி முழுவதும் தண்ணீர். அந்த மணலை மிதித்தால், ஏற்கெனவே நெருங்கியிருக்கும் துகள்களால் மேலும் நெருங்க முடியாது. அவை பக்கவாட்டில் நழுவவேண்டும். நழுவுவதற்கு ஒவ்வொரு துகளும் தன் பக்கத்துத் துகளின் மேலேறித் தாண்டியாகவேண்டும். அப்படித் தாண்டும்போது இடைவெளிகள் பெரிதாகின்றன. அதாவது, மிதித்ததால் மணல் பருக்கிறது. பெரிதான இடைவெளிகளை நிரப்ப, மேற்பரப்பில் பளபளத்துக்கொண்டிருந்த நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மேல்மணல் வெளுக்கிறது.

காலை எடுத்தபின் போய்விடாமல் சற்று நின்று பாருங்கள். துகள்கள் மீண்டும் அடங்க, உள்ளே போன நீர் வெளியேறி, காலடித்தடம் மட்டும் நீர்கோத்துப் பளபளக்கும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்சு 1885-இல் இதை விளக்கினார். ஒரு மெல்லிய இரப்பர்ப் பையில் மணலையும் நீரையும் நிரப்பி, பையின் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி அதை அமுக்கினார். குழாயில் நீர் ஏறும் என்று எதிர்பார்த்தவர்கள் முன்னால் நீர் இறங்கியது. பலூனும் உறிஞ்சுகுழாயும் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மணலை நன்றாகத் தட்டி அடக்கியபின் அமுக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தளர்ந்த மணலில் இது நடக்காது; அங்கே நீங்கள் எதிர்பார்த்தபடியே தண்ணீர் பிதுங்கும்.

கேள்வி: கத்திரி வெயிலில் கடற்கரை மணலில் கால்வைக்க முடிவதில்லை, பத்தடி தள்ளிக் கடல்நீர் இதமாக இருக்கிறது. ஒரே சூரியன்தானே? மேலும், சூரியன் நம் தலைக்கு நேரே வந்து நிழல் மறையும் நாள் ஏப்ரலிலேயே முடிந்துவிடும்போது, வெயில் மட்டும் மே கடைசியில் உச்சத்துக்குப் போவது ஏன்? (பள்ளி ஆசிரியை, பாகூர்)

பதில்: இரண்டு கேள்விகள், இரண்டாவதற்கான விடையில் பாதி முதலாவதில் இருக்கிறது.

ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், அதே எடை மணலுக்குத் தேவைப்படுவதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதைவிட முக்கியமானது, வெப்பம் எவ்வளவு ஆழத்துக்குப் பரவுகிறது என்பது. உலர்ந்த மணலில் துகள்களுக்கிடையே காற்று இருப்பதால் வெப்பம் எளிதில் உள்ளே இறங்குவதில்லை. பகல் முழுவதும் விழும் வெயிலை மேலே உள்ள சில சென்டிமீட்டர் மணலே தாங்கவேண்டியிருக்கிறது. அது 50 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடாகிறது. ஒரு சாண் தோண்டிப் பாருங்கள், குளிர்ந்திருக்கும். கடலில் ஒளி பல மீட்டர் ஆழம் இறங்குகிறது, அலை நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது, ஆவியாதல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மே மாதத்திலும் நம் கடலின் மேற்பரப்பு 30 டிகிரியை ஒட்டியே நிற்பது இதனால்தான்.

நிழல் மறையும் நாள் புதுச்சேரியிலும் கடலூரிலும் ஏப்ரல் 21-ஐ ஒட்டி வருகிறது. திரும்பவும் ஆகஸ்டு 21-ஐ ஒட்டி ஒருமுறை வருகிறது. இரண்டாவது பெரும்பாலும் மேகத்தில் மறைந்துபோவதால் யாரும் பேசுவதில்லை. மாணவர்களுடன் பார்ப்பதானால் கடிகாரத்தில் 12 மணி அடித்ததும் மூட்டை கட்டிவிடாதீர்கள். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் ஏப்ரலில் நமக்கு உச்சிவேளை 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி வருகிறது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். வடக்குச் சுவரில் வெயில் படுவதும், நண்பகல் நிழல் தெற்கே விழுவதும் அப்போதுதான். "சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும்" என்று வடநாட்டுக்கு எழுதிய பாடத்தை இங்கே அப்படியே ஒப்பிக்கவேண்டியதில்லை.

சூரியன் தலைக்கு நேரே வரும் நாளில் வெயில் உச்சத்தில் இருக்கவேண்டியதில்லை. ஜூன் வரையிலும் சூரியன் நம் தலைக்கு வெகு அருகிலேயே நிற்கிறது, பகலும் நீள்கிறது. நிலம் ஒவ்வொரு நாளும் பெறும் வெப்பம் இழப்பதைவிடக் கூடுதலாக இருக்கும்வரை சூடு ஏறிக்கொண்டே போகும். இது எங்கும் பொருந்தும். நம் கரைக்கே உரிய காரணம் கடற்காற்று. மணலும் நிலமும் சூடாகி, மேலுள்ள காற்று விரிந்து எழும்போது, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. ஏப்ரலில் அது முற்பகலிலேயே வந்து வெப்பத்தை அடக்கிவிடுகிறது. மே பிற்பகுதியிலும் ஜூனிலும் தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெற, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டு வரும் மேல்காற்று நிலம் முழுவதையும் கடந்து கடற்காற்றுக்கு எதிரே நிற்கிறது. கடற்காற்று பிற்பகல் இரண்டு மணி, மூன்று மணி வரை கரையேற முடிவதில்லை. சில நாட்களில் வருவதே இல்லை. கடலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களைக் கவனித்தால் அவை மேல்காற்று அடித்த நாட்களாகவே இருக்கும்.

கேள்வி: வனத்துறையினர் ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைக்கும்போது மேலே கீற்றுப் பந்தல் போடுகிறார்களே, முட்டைக்கு நிழல் எதற்கு? (மீனவர், நல்லவாடு)

பதில்: குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிப்பதால். பங்குனி ஆமை தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, ஏறத்தாழ ஒரு முழ ஆழத்தில் நூறு முட்டைகளுக்குமேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. மனிதரில் போலக் கருவுறும்போதே ஆண், பெண் முடிவாவது ஆமைகளில் இல்லை. அடைகாலத்தின் நடுப்பகுதியில் குழிமணல் ஏறத்தாழ 29, 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஆண் குஞ்சுகள் மிகும்; மேலே போனால் பெண் குஞ்சுகள் மிகும்; இன்னும் சில டிகிரி ஏறினால் முட்டைகளே கெட்டுவிடும். முந்தைய பதிலில் சொன்னபடி அந்த ஆழத்துக்குப் பகல் வெயிலும் இரவுக் குளிரும் எட்டுவதில்லை என்றாலும், வாரக்கணக்கில் ஏறும் கோடைச்சூடு மெதுவாக இறங்கிவிடும். தை மாதத்தில் இட்ட முட்டைகளுக்கும் பங்குனி கடைசியில் இட்ட முட்டைகளுக்கும் கிடைக்கும் மணல் ஒன்றன்று. பந்தல் அந்த வேறுபாட்டைக் குறைக்கிறது.

45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள், இருட்டில் எது வெளிச்சமான அடிவானமோ அதை நோக்கி நடக்கும். ஒரு காலத்தில் அது கடலாக மட்டுமே இருந்தது. இப்போது கரையோர விடுதிகளின் விளக்காகவும் இருக்கிறது. உங்கள் ஊர்க் கரையில் குஞ்சுகள் வெளிவரும் மாதங்களில் விளக்கைத் தாழ்த்திக் கட்டுவது பந்தலுக்குச் சமமான உதவி.

கேள்வி: கடலுக்கு ஐம்பது தப்படி தூரத்தில் மணலில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. மணல் உப்பை வடிகட்டிவிடுகிறதா? (இல்லத்தரசி, தாழங்குடா)

பதில்: இல்லை. நீரில் கரைந்த உப்பை மணலால் வடிகட்ட முடியாது. நீங்கள் குடிப்பது கடல்நீர் அன்று. அந்த மணல்மேட்டில் பெய்த மழைநீர். மழைநீர் கடல்நீரைவிட இலேசானது என்பதால், மணலுக்கடியில் உப்புநீர்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கே கனம் கூடியது. ஆகவே நன்னீர் கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். கணக்கின் மறுபக்கத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்: மோட்டார் வைத்து மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், கீழிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 அடி ஏறும். குடத்தால் மொண்ட வரைக்கும் இனித்த ஊற்று, ஆழ்குழாய் போட்டபின் கரிக்கத் தொடங்குவது இதனால்தான். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி நீர் மேலிருந்தே புகுந்த கிணறுகளின் கதை வேறு. அங்கே உப்பு மேலிருந்து இறங்கியது, அடுத்தடுத்த மழைகளே அதைக் கழுவவேண்டியிருந்தது.

கேள்வி: திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அசுரர்களின் எலும்பு என்று ஊரில் சொல்வதை விட்டுவிடுவோம். மரம் எப்படிக் கல்லாகும்? (வங்கி ஊழியர், வில்லியனூர்)

பதில்: மரம் கல்லாக மாறியது என்பதைவிட, மரம் இருந்த இடத்தைக் கல் நிரப்பியது என்பது சரி. இரண்டு கோடி ஆண்டுகளுக்குமுன் இந்தப் பகுதியில் ஓடிய ஆறுகள் வெள்ளத்தில் மரங்களை அடித்துவந்து மணலுக்குள் புதைத்தன. அங்கே கிடக்கும் அடிமரங்களில் கிளையும் பட்டையும் இலையும் காணாததும், அவை நிற்காமல் படுத்தே கிடப்பதும், அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, உருண்டு வந்தவை என்பதற்குச் சான்று. சில 30 மீட்டர் வரை நீளமானவை. மணலுக்குள் ஆழப் புதைந்த மரத்துக்குக் காற்று கிடைப்பதில்லை என்பதால் மக்கிப்போகவும் இல்லை.

மணலுக்குள் ஊடுருவிய நிலத்தடி நீர், துகள்களிலிருந்து சிலிக்காவை மிகமிகச் சிறிதளவில் கரைத்துக்கொண்டே இருந்தது. அந்த நீர் மரத்தின் நுண்குழல்களுக்குள் புகுந்தபோது, சிலிக்கா செல்சுவர்களில் ஒட்டிப் படிந்தது. முதலில் வெற்றிடங்கள் நிரம்பின. பிறகு செல்சுவரின் பொருளும் சிறிதுசிறிதாகச் சிதைய, அந்த இடத்தையும் சிலிக்கா பிடித்தது. அச்சு அப்படியே இருக்க, பொருள் மட்டும் மாறிவிட்டது. மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் தாவரவியலாளர்கள், குழல்களின் அமைப்பைக் கொண்டே எந்தக் குடும்பத்து மரம் என்று சொல்கிறார்கள். புளிய மரம் சேர்ந்த குடும்பத்து மரங்களும் அங்கே இனங்காணப்பட்டுள்ளன. சென்ற இதழில் சொன்ன குவார்ட்சுக்கு இதுவும் உறவுதான். அதனால் பேனாக் கத்தியின் எஃகு அதன்மீது கீறலே போடாது. (இதற்காகக் கத்தியோடு போகவேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட தேசியப் புதைபடிவப் பூங்கா. ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது.)

18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொனரா இம்மரங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். இவற்றைப் பொதிந்துவைத்திருக்கும் செம்மணற்பாறைக்கு நிலவியலார் இட்டிருக்கும் பெயர் கடலூர் மணற்பாறை. பண்ருட்டி முந்திரித் தோப்புகளின் செம்மண்ணும் அந்தப் பாறை சிதைந்து வந்ததே.

கேள்வி: விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் இடையே என் தாத்தா காலத்தில் போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பீறிட்டதாம். மேட்டில் இருக்கும் ஊரில் தண்ணீர் தானாக எப்படி மேலே ஏறும்? இப்போது ஏன் ஏறுவதில்லை? (விவசாயி, மந்தாரக்குப்பம்)

பதில்: அதே கடலூர் மணற்பாறைதான் காரணம். அந்தப் பாறை அடுக்குகள் மேற்கே உயர்ந்தும் கிழக்கே கடல் நோக்கித் தாழ்ந்தும் சரிந்து கிடக்கின்றன. மேற்கே பாறை வெளியே தெரியும் இடங்களில் பெய்யும் மழை துகள்களின் இடைவெளிகளில் இறங்கிச் சரிவோடு கிழக்கே வருகிறது. வழியில் களிமண் அடுக்குகள் மேலே மூடியாக அமைந்துவிடுவதால் நீர் அடைபட்டு அழுத்தத்துக்கு உள்ளாகிறது. உங்கள் ஊர் உங்களுக்கு மேடாகத் தெரியலாம். மழைநீர் உள்ளே நுழைந்த இடம் அதைவிட உயரம். களிமண் மூடியைத் துளைத்ததும் நீர் அந்த உயரத்தை எட்டப் பார்க்கிறது, பீறிடுகிறது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் இப்படிக் கிணற்றுக்குத் துளையிட்டபோது தண்ணீரோடு கரிய துகள்கள் வந்ததும், அது பழுப்பு நிலக்கரி என்று தெரிந்ததும், 1956-இல் நெய்வேலி நிறுவனம் தோன்றியதும் உங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வரலாறு. அந்த நிலக்கரி அடுக்குக்குக் கீழேதான் அழுத்தத்தில் இருக்கும் நீர் இருக்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்றிச் சுரங்கம் தோண்டும்போது பாரம் குறைவதால், கீழுள்ள நீர் சுரங்கத்தின் அடித்தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். அதைத் தடுக்க, சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் போட்டு இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்த இறைப்போடு, வட்டாரம் முழுவதும் பாசனத்துக்காகப் போட்ட ஆயிரக்கணக்கான ஆழ்குழாய்களும் சேர்ந்தன. நீரின் அழுத்தமட்டம் தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பாறைக்குள் நீர் இன்னும் இருக்கிறது. தரைக்குமேல் தள்ளும் அழுத்தம் இல்லை. ஆகவே உங்கள் தாத்தாவுக்குத் தேவைப்படாத மோட்டார் உங்களுக்குத் தேவைப்படுகிறது.